கங்கோத்ரி பனியாறு எவ்வளவு பின்வாங்கியிருக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கங்கோத்ரி பனியாறு உருகுகிறது என்ற செய்தி அடிக்கடி கண்ணில் படுகிறது. ஒரு செய்தியில் ஆண்டுக்கு 34 மீட்டர் பின்வாங்குகிறது என்று இருக்கும், இன்னொன்றில் 20, வேறொன்றில் 9. மூன்றுமே ஆய்வுகளில் வந்த எண்கள்தான், யாரும் கட்டிவிட்ட கதையில்லை. அப்படியானால் எதை நம்புவது? எண்ணைப் பார்ப்பதற்கு முன்பு, எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை, எதை வைத்து அளந்தார்கள் என்று பார்க்க வேண்டும். இந்தப் பக்கம் பெரும்பாலும் அதைப் பற்றித்தான்.

இந்தப் பனியாறு எங்கே இருக்கிறது?

உத்தராகண்ட் மாநிலம், உத்தரகாசி மாவட்டம். சௌகம்பா மலைத்தொகுதியின் (7,138 மீட்டர்) சரிவுகளில் தொடங்கி வடமேற்காக இறங்குகிறது. நீளம் ஏறக்குறைய 30 கிலோமீட்டர், அகலம் இடத்துக்கு இடம் அரை கிலோமீட்டரிலிருந்து இரண்டரை கிலோமீட்டர் வரை. அதன் கீழ்முனைதான் கோமுகம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 4,000 மீட்டர் உயரத்தில் உள்ள அந்தப் பனிக்குகையிலிருந்து பாகீரதி வெளியே வருகிறது. தேவப்பிரயாகையில் அலக்நந்தா வந்து சேர்ந்த பிறகுதான் அதற்குக் கங்கை என்று பெயர்.

பின்வாங்குவது என்றால் பனி மேல்நோக்கி நகர்கிறதா?

இல்லை. பனியாற்றில் உள்ள பனி எப்போதும் கீழ்நோக்கித்தான் ஊர்ந்து வருகிறது. மேலே விழும் பனி அழுந்தி இறுகி, தன் எடையாலேயே பள்ளத்தாக்கில் இறங்குகிறது. கீழே வர வர வெப்பம் கூடி உருகுகிறது. மேலிருந்து வந்து சேரும் அளவும் முனையில் உருகும் அளவும் சமமாக இருந்தால் முனை அதே இடத்தில் நிற்கும். உருகுவது அதிகமானால், பனி கீழே வந்துகொண்டிருக்கும்போதே முனை மட்டும் மேலே தள்ளிப் போகும். அந்த முனையின் இடத்தைத்தான் இருநூறு வருடமாகக் குறித்து வருகிறார்கள்.

பதிவுகள் எப்போதிலிருந்து கிடைக்கின்றன?

கங்கையின் மூலத்தைத் தேடி 1808இல் கிழக்கிந்தியக் கம்பெனி அனுப்பிய நில அளவைக் குழு கோமுகம் வரை போகவில்லை, வழியிலேயே திரும்பிவிட்டது. 1815இல் ஜேம்ஸ் பெய்லி ஃப்ரேசர் கங்கோத்ரி கோயிலை அடைந்தார். 1817இல் நில அளவையாளர் ஹாட்ஜ்சன்தான் கோமுகத்தை நேரில் பார்த்து விவரமாக எழுதினார். ஆறு புறப்படும் வளைவு, அதற்கு மேலே சுமார் 300 அடி என்று அவர் மதிப்பிட்ட பனிச்சுவர், அதில் தொங்கிய பனி விழுதுகள் எல்லாம் அந்தக் குறிப்பில் உண்டு. மகாதேவரின் சடையிலிருந்து கங்கை வருகிறாள் என்ற கதை இந்த விழுதுகளைப் பார்த்துத்தான் பிறந்திருக்குமோ என்றும் அவர் யோசித்திருக்கிறார். படிக்கச் சுவையான குறிப்புதான். ஆனால் முனை இன்ன பாறையிலிருந்து இத்தனை அடி என்று ஒப்பிட்டுச் சொல்லும் வகையிலான அளவை அது இல்லை.

அந்த வகை அளவை 1935இல் வந்தது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் இருந்த ஜான் பிக்னெல் ஆடன் பிளேன் டேபிள் (களத்திலேயே வரைபடம் வரைய உதவும் அளவை மேசை) வைத்து முனையைப் பெரிய அளவில் வரைபடமாக்கினார். (கவிஞர் டபிள்யூ. எச். ஆடனின் அண்ணன் இவர்.) அதே துறையினர் 1956இலும் 1971இலும், பிறகு தொண்ணூறுகளிலும் போய்த் திரும்ப அளந்தார்கள். இன்றைக்கு நாம் பேசும் நீண்டகாலக் கணக்குகள் பலவற்றுக்கும் அடிமட்டம் ஆடனின் அந்த வரைபடம்தான். ஒரு மேசை, ஒரு தாள், ஒரு அளவுகோல் கொண்டு செய்த வேலை எண்பது வருடம் கழித்தும் பயன்படுவது சாதாரண விஷயமில்லை.

1780 என்று ஆண்டு போட்ட கோட்டுடன் ஒரு செயற்கைக்கோள் படம் சுற்றுகிறதே?

அது நாசா வெளியிட்ட படம். டெர்ரா செயற்கைக்கோளில் உள்ள ஆஸ்டர் கருவி 2001 செப்டம்பரில் எடுத்தது. அதன் மேல் 1780 முதல் 2001 வரை முனை இருந்த இடங்களைக் கோடுகளாக வரைந்திருக்கிறார்கள். படம் உண்மையானதுதான். ஆனால் எல்லாக் கோடுகளையும் ஒரே தரத்தில் எடுத்துக்கொள்ளக் கூடாது. 1780இல் அங்கே யாரும் சங்கிலி பிடித்து அளக்கவில்லை. இவ்வளவு பழைய நிலைகளைப் பனி விட்டுச்சென்ற கற்குவியல்கள் போன்ற தடயங்களிலிருந்துதான் ஊகிக்க முடியும். 1935க்குப் பிந்தைய கோடுகளுக்குப் பின்னால் நேரடி அளவை இருக்கிறது, 1965க்குப் பிந்தையவற்றுக்குப் படமே இருக்கிறது.

ஒரு காலத்தில் கங்கோத்ரி கோயில் வரை பனி இருந்தது என்கிறார்களே?

எந்தக் காலத்தில் என்பதைப் பொறுத்தது. கோயிலிலிருந்து கோமுகம் சுமார் 18 கிலோமீட்டர். 1817இல் ஹாட்ஜ்சன் குழுவும் கோயிலைத் தாண்டி நடந்துதான் பனியை அடைந்தது. ஆகவே கோயில் கட்டிய நாளில் வாசலில் பனியாறு நின்றது என்ற கதைக்கு ஆதாரம் இல்லை. ஆண்டுக்கு 20 மீட்டர் என்று வைத்தால்கூட அந்தத் தூரத்துக்கு 900 வருடம் வேண்டும்.

ஆனால் பனியுகத்துக்குப் போனால் விஷயம் வேறு. சுமார் 60,000 வருடங்களுக்கு முன்பு இதே பனியாறு கோயில் இருக்கும் இடத்தையும் தாண்டி, இன்றைய முனைக்கு 40 கிலோமீட்டர் கீழே உள்ள ஜாலா வரை நீண்டிருந்ததை நிலவியலாளர்கள் பாறைத் தடயங்களிலிருந்து கண்டிருக்கிறார்கள். இதைச் சொன்னவுடன், பனி எப்போதும் ஏறி இறங்குவதுதானே, இப்போது என்ன புதுசு என்று சிலர் கேட்பார்கள். அது இயற்கையான ஏற்ற இறக்கம், பல ஆயிரம் வருடக் கணக்கு. இப்போது பேசுவது ஒரு மனித ஆயுளுக்குள் நடப்பதை.

செயற்கைக்கோள்கள் எப்போது உள்ளே வந்தன?

அமெரிக்க உளவுத்துறை தயவில், அறுபதுகளிலேயே. 1960 முதல் 1972 வரை இயங்கிய கொரோனா உளவுச் செயற்கைக்கோள்கள் ஃபிலிமில்தான் படம் எடுத்தன. எடுத்து முடித்த ஃபிலிம் சுருளை ஒரு கலத்தில் வைத்துப் பூமிக்கு அனுப்பும், பாராசூட்டில் இறங்கும் அதை விமானம் நடுவானில் கொக்கி போட்டுப் பிடிக்கும். சினிமாவில் வந்தால் நம்ப மாட்டோம். ஏவுகணைத் தளங்களைத் தேடுவதற்காக எடுத்த படங்களில் இமயமலையும் தற்செயலாக விழுந்தது. 1995இல் அந்த ரகசியம் நீக்கப்பட்டபோது, பனியாற்று ஆய்வாளர்களுக்கு அறுபதுகளின் முனையைச் சில மீட்டர் துல்லியத்தில் காட்டும் படங்கள் கையில் கிடைத்தன. அப்புறம் வந்த ஹெக்ஸகன் என்ற உளவுச் செயற்கைக்கோள்களின் படங்களும் இப்படியே ரகசியம் நீங்கி வெளிவந்தன.

வெளிப்படையாக இயங்கியவற்றில் முதலாவது 1972இன் லேண்ட்சாட். அதன் முதல் கருவி எடுத்த படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் 80 மீட்டர். ஆண்டுக்கு 20 மீட்டர் நகரும் முனை அந்தப் படத்தில் ஒரு புள்ளி தள்ளிப்போக நான்கு வருடம் ஆகும்! 1995இல் இந்தியாவின் ஐஆர்எஸ்-1சி 5.8 மீட்டர் துல்லியத்தில் படம் எடுத்தது, 2005இல் கார்ட்டோசாட்-1 அதை 2.5 மீட்டருக்குக் கொண்டுவந்தது. கார்ட்டோசாட் ஒரே இடத்தை இரண்டு கோணத்தில் எடுப்பதால் பனியின் உயரத்தையும் கணக்கிடலாம். அந்த உயரம் எவ்வளவு முக்கியம் என்பது கீழே வரும்.

மேலேயிருந்து பார்த்தால் சுலபமாகத் தெரிந்துவிடாதா?

தெரியாது. கங்கோத்ரியின் கீழ்ப்பகுதி வெள்ளையாக இருக்காது. இரண்டு பக்க மலைகளிலிருந்தும் உதிர்ந்த கல்லும் மண்ணும் பனியை மூடியிருக்கின்றன. வானத்திலிருந்து பார்த்தால் பனி எங்கே முடிகிறது, வெறும் கற்குவியல் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்வது பழகிய கண்ணுக்கே சிரமம். ஆறு வெளியே வரும் குகைவாய், முனையின் செங்குத்துப் பனிச்சுவர் விழுத்தும் நிழல் ஆகியவற்றை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

மாதமும் முக்கியம். குளிர்காலப் படம் என்றால் பள்ளத்தாக்கு முழுக்கப் புதுப்பனி, எது பனியாறு என்றே தெரியாது. மழைக்காலத்தில் மேகம் மறைத்துவிடும். மிஞ்சுவது செப்டம்பர் கடைசியும் அக்டோபரும்தான். அதற்கு மேல் பழைய ஃபிலிம் படங்களில் மலைச்சரிவுகளால் வரும் கோணலைத் திருத்திப் புதுப் படத்துடன் பொருத்த வேண்டும். பொருத்தத்தில் பத்து மீட்டர் பிசகினால் பின்வாங்கலிலும் அதே பத்து மீட்டர் பிசகும்.

சரி, மொத்தம் எவ்வளவு? ஏன் ஆளுக்கு ஒரு எண் சொல்கிறார்கள்?

முக்கியமான கணக்குகள் இவை. 1935 முதல் 1996 வரை 1,147 மீட்டர், அதாவது ஆண்டுக்குச் சுமார் 19 மீட்டர். இது பெரும்பாலும் தரைவழி அளவை. 1965 முதல் 2006 வரை கொரோனா, ஹெக்ஸகன், கார்ட்டோசாட் போன்ற உயர்துல்லியப் படங்களை ஒப்பிட்டதில் 819 மீட்டர், பிழை எல்லை கூடவோ குறையவோ 14 மீட்டர். ஆண்டுக்கு 20 மீட்டர். 2006 முதல் 2015 வரை ஆண்டுக்குச் சுமார் 9 மீட்டர்.

அப்படியானால் 34 எங்கிருந்து வந்தது? எழுபதுகளிலிருந்து 25 வருடத்தில் 850 மீட்டர் என்று ஒரு கணக்கு பரவலாக மேற்கோள் காட்டப்பட்டது. அதை வகுத்தால் 34. ஆனால் மேலே சொன்ன படக்கணக்கின்படி 41 வருடத்துக்கே 819 மீட்டர்தான். இரண்டும் ஒத்துப்போகவில்லை. பழைய வரைபடங்களில் முனை குறிக்கப்பட்ட இடம் சரியில்லாமல் இருந்தாலோ, அளப்பவர் முனையின் வேறொரு புள்ளியை எடுத்துக்கொண்டாலோ இப்படி ஆகும். கோமுகம் ஒரு நேர்க்கோடு கிடையாது, வளைந்த சுவர். நடுப்பகுதி உடைந்து உள்ளே போயிருக்கும்போது ஓரம் அதே இடத்தில் நிற்கலாம். இன்று பல ஆய்வாளர்கள் ஒரே புள்ளியை எடுக்காமல், இணையாகப் பல கோடுகள் போட்டுச் சராசரி எடுக்கிறார்கள். என் கணிப்பில் 20 என்பதே அந்த நாற்பது வருடத்துக்கான நம்பத்தகுந்த எண், ஏனென்றால் அங்கே ஒவ்வொரு ஆண்டின் முனையையும் படத்தில் திரும்பச் சரிபார்க்க முடியும்.

குறுகிய காலக் கணக்குகளில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். 1996 முதல் 1999 வரை மூன்றே வருடத்தில் 76 மீட்டர் என்பதும் பதிவில் இருக்கிறது. 2004–05இல் ஜிபிஎஸ் கொண்டு அளந்தபோது ஒரு வருடத்துக்குச் சுமார் 12 மீட்டர். பெரிய பனிப்பாளம் ஒன்று இடிந்து விழுந்தால் அந்த வருடக் கணக்கு எகிறும், அடுத்த வருடம் சும்மா இருக்கும்.

வேகம் 20இலிருந்து 9க்குக் குறைந்தது நல்ல செய்திதானே?

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். முனை பின்வாங்கும் நீளம் வேறு, பனியாறு இழக்கும் பனியின் அளவு வேறு.

உயரக் கணக்கைப் பாருங்கள். 1968 முதல் 2006 வரை கங்கோத்ரி பனியாறு தன் பரப்பு முழுவதும் சராசரியாக ஆண்டுக்கு 0.19 மீட்டர் தண்ணீருக்குச் சமமான பனியை இழந்தது. 38 வருடத்துக்குப் பெருக்கினால் 7 மீட்டருக்கு மேல். 2006 முதல் 2014 வரை அதே இழப்பு ஆண்டுக்கு 0.29 மீட்டர். இந்த எண்களின் பிழை எல்லை பெரியது என்பதால் ஒன்றரை மடங்கானது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் குறைந்தது என்று சொல்ல எந்த இடமும் இல்லை. முனை மெதுவாகப் பின்வாங்கிய அதே வருடங்களில் பனியாறு மெலிந்துகொண்டுதான் இருந்தது. பனி ஊரும் வேகமும் அந்தக் காலத்தில் சற்றுக் குறைந்திருக்கிறது. மெலிந்த பனிக்கு எடை குறைவு, எனவே நகர்வும் குறைவு.

முனை மட்டும் ஏன் தாக்குப்பிடிக்கிறது? அதன் மேலுள்ள கல்லும் மண்ணும் ஒரு காரணம். ஐஸ் பாளத்தை மரத்தூள் போட்டு மூடி வைப்பது போல, தடித்த கற்போர்வை வெயிலைப் பனியில் படவிடாமல் தடுக்கிறது. போர்வை மெல்லியதாக இருந்தாலோ எதிர்மாறு: கருத்த தூசு வெயிலை உறிஞ்சி உருகலை விரைவாக்கும். போர்வைக்கு நடுவே ஆங்காங்கே திறந்து கிடக்கும் பனிச்செங்குத்துகளும் குட்டைகளும் வேகமாகத் தின்னப்படும் இடங்கள். ஆக, முனை பெரிதாக நகராமலேயே உள்ளே பனியாறு சரிந்து தாழ முடியும்.

இன்னொன்று, 30 கிலோமீட்டர் நீளப் பனியாறு தட்பவெப்ப மாற்றத்துக்கு உடனே பதில் சொல்லாது. முனையில் இன்று தெரிவது பல பத்தாண்டுகளுக்கு முந்தைய பனிப்பொழிவுக்கும் வெப்பத்துக்கும் வந்த பதில். கிளைப் பனியாறுகள் சின்னவை, அவற்றில் விளைவு முன்னதாகவே தெரிகிறது. ஒரு காலத்தில் கங்கோத்ரியோடு இணைந்திருந்த ரக்தவர்ணும் சதுரங்கியும் இப்போது பிரிந்து நிற்கின்றன. கோமுகத்தை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியாது.

2035இல் இமயமலைப் பனி முழுதும் காணாமல் போகும் என்றார்களே, என்ன ஆயிற்று?

அது தவறு, தவறு என்று அறிவித்தும் ஆகிவிட்டது. காலநிலை மாற்றத்தை மதிப்பிடும் ஐ.நா.வின் ஐபிசிசி குழு 2007இல் வெளியிட்ட அறிக்கையில் அந்த வரி இருந்தது. அந்த வரி எடுக்கப்பட்டது துறைசார் ஆய்வுக் கட்டுரையிலிருந்து அல்ல, ஒரு தன்னார்வ அமைப்பின் அறிக்கையிலிருந்து. 2009 இறுதியில் இந்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட நிலவியலாளர் வி. கே. ரெய்னாவின் ஆவணத்தோடு சர்ச்சை சூடு பிடித்தது. 2010 ஜனவரியில் ஐபிசிசி அந்த வரிக்கு வருத்தம் தெரிவித்தது.

இந்தக் கூத்தால் நடந்த கேடு, பனி உருகுவதே பொய் என்று சிலர் எடுத்துக்கொண்டது. தவறானது தேதி, போக்கு அல்ல. ஹெக்ஸகன் உளவுப் படங்களைக் கொண்டு இமயமலையின் 650 பனியாறுகளைப் பார்த்த 2019 ஆய்வு, 1975–2000 காலத்தைவிட 2000–2016இல் பனி இழப்பு ஏறக்குறைய இரட்டிப்பானதாகக் கண்டது. காத்மாண்டுவில் உள்ள இசிமோட் என்ற மலைப்பகுதி ஆய்வு நிறுவனத்தின் 2023 அறிக்கை, இந்துகுஷ் இமயப் பகுதியில் 2011–2020இல் இழப்பு முந்தைய பத்தாண்டைவிட 65% வேகமானது என்கிறது.

காரணம் புவி வெப்பமாதல் மட்டும்தானா?

முதன்மைக் காரணம் அதுதான். கங்கோத்ரிக்குக் குளிர்காலத்தில் மேற்கிலிருந்து வரும் காற்றழுத்தத் தாழ்வுகளும், கோடையில் பருவமழையும் பனி கொடுக்கின்றன. வெப்பம் கூடினால் கோடையில் கீழ்ப்பகுதிகளில் பனியாக விழ வேண்டியது மழையாக விழுகிறது. வரவும் போச்சு, வெதுவெதுப்பான மழை இருப்பதையும் கரைக்கிறது.

கரித்துகளும் சேர்கிறது. டேராடூனின் வாடியா இமயமலை நிலவியல் நிறுவனம் கோமுகம் போகும் வழியிலுள்ள சீர்பாசாவில் 2016இல் அளந்தபோது, கரித்துகள் ஆகஸ்டில் கன மீட்டருக்கு 0.01 மைக்ரோகிராம் வரை தாழ்ந்தும், மே மாதத்தில் 4.62 வரை உயர்ந்தும் இருந்தது. வயல் தாள் எரிப்பும் காட்டுத்தீயும் காரணங்கள். யாத்திரிகர் கூட்டத்தைக் குற்றம் சொல்வது எளிது, அவர்களால் குப்பை சேர்வதும் உண்மை. ஆனால் 30 கிலோமீட்டர் பனியாற்றை யாத்திரிகர்கள் உருக்கவில்லை.

பனியாறு போனால் கங்கை வற்றிவிடுமா?

காசியிலும் பாட்னாவிலும் ஓடும் கங்கை பெரும்பாலும் மழைநீர். கீழ்ப்பகுதியின் நீரோட்டத்தோடு ஒப்பிட்டால் பனி, பனியாறு இரண்டின் உருகுநீரும் சேர்ந்து சுமார் 10% என்று 2010இல் வந்த ஒரு பெரிய ஆய்வு மதிப்பிட்டது. அதே ஆய்வில் சிந்து நதிக்கு அந்த விகிதம் பல மடங்கு. ஆகவே கங்கை வற்றிவிடும் என்பது மிகை.

ஆனால் மேலே போகப் போகக் கணக்கு மாறுகிறது. கோமுகத்தில் பெரும்பகுதி உருகுநீர்தான். அங்கும் பெரும்பங்கு பனியாற்றிலிருந்து வருவதில்லை, அந்தந்த வருடம் விழுந்து உருகும் பனியிலிருந்து வருகிறது. 1980 முதல் 2020 வரையிலான ஓட்டத்தைக் கணினி மாதிரியில் கணக்கிட்ட அண்மை ஆய்வொன்று, ஏறக்குறைய 64% பனிப்பொழிவின் உருகல், 21% பனியாற்றின் உருகல், மீதி மழையும் நிலத்தடி ஊற்றும் என்கிறது. நீர்வரத்து உச்சம் தொடும் மாதம் ஆகஸ்டிலிருந்து ஜூலைக்கு முன்னேறியிருப்பதையும் அது காட்டுகிறது. மலைக் கிராமத்துக்கும் நீர்மின் நிலையத்துக்கும் மொத்த அளவைவிட இந்த மாத மாற்றம்தான் பெரிய தலைவலி. மழைக்கு முந்தைய வறண்ட மாதங்களில் உருகுநீரை விட்டால் வேறு வரவு குறைவு.

பின்வாங்கும் பனியாற்றால் வெள்ள ஆபத்து உண்டா?

பொதுவாக உண்டு. பனி விலகிய பள்ளங்களில் கற்குவியல் அணைபோல நிற்க, ஏரி உருவாகும். அந்த அணை உறுதியற்றது. 2013இல் கேதார்நாத்துக்கு மேலே சோராபாரி ஏரியும், 2023 அக்டோபரில் சிக்கிமின் தென் லோனாக் ஏரியும் உடைந்தன. லோனாக் வெள்ளம் சுங்தாங்கில் இருந்த தீஸ்தா-3 அணையையே அடித்துச் சென்றது. இமய நதிப்படுகைகளில் 10 ஹெக்டேருக்கு மேற்பட்ட 2,431 ஏரிகளில் 676 ஏரிகள் 1984க்குப் பிறகு பெருத்திருப்பதாக இஸ்ரோ 2024இல் தெரிவித்தது. கங்கோத்ரி முனைக்கு முன்னால் அந்த அளவு ஏரி கிடையாது. அங்கே கவலை வேறு: 2017 ஜூலையில் பக்கத்திலுள்ள மேரு பாமக் பனியாற்றின் பக்கமிருந்து சரிந்து வந்த கல்லும் சேறும் கோமுகத்தின் முன்பகுதியை மூடி ஆற்றின் போக்கையே மாற்றின.

எல்லா இமயப் பனியாறுகளும் பின்வாங்குகின்றனவா?

இல்லை. காரகோரம் பகுதியில் பல பனியாறுகள் நெடுநாள் நிலையாக இருந்தன, சில முன்னேறியும் வந்தன. இஸ்ரோ 2,018 பனியாறுகளை 2000–01க்கும் 2010–11க்கும் இடையில் ஒப்பிட்டபோது 1,752 நிலையானவை, 248 பின்வாங்கியவை, 18 முன்னேறியவை என்று வந்தது. இந்தக் கணக்கைக் காட்டி 87% நலமாக இருக்கிறது என்பார்கள். ஆனால் அது முனையை மட்டும் பார்த்த கணக்கு, அதுவும் பத்தே வருடத்துக்கு. மெலிவதைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை.

கோமுகத்துக்கு நேரில் போகலாமா?

போகலாம். அது கங்கோத்ரி தேசியப் பூங்காவுக்குள் இருப்பதால் அனுமதிச் சீட்டு தேவை, ஒரு நாளைக்கு 150 பேருக்குத்தான் தருகிறார்கள். குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள். சீர்பாசா, போஜ்பாசா வழியாக நடை. போஜ்பாசாவில் தங்கிவிட்டு மறுநாள் காலையில் போவது வழக்கம். குகைவாய்க்கு அருகே போய்ப் படமெடுக்க வேண்டாம். பனிப்பாளங்கள் சொல்லிக்கொண்டு விழுவதில்லை.

வீட்டிலிருந்தே பின்வாங்கலைப் பார்க்க முடியுமா?

முடியும், காசும் வேண்டாம். 2008 முதல் லேண்ட்சாட் படங்கள் அனைத்தும் இலவசம். ஐரோப்பாவின் சென்டினல்-2 படங்கள் 2015 முதல் 10 மீட்டர் துல்லியத்தில் கிடைக்கின்றன, கோப்பர்னிக்கஸ் பிரவுசர் தளத்திலேயே திறந்து பார்க்கலாம். வடக்கு 30.93 பாகை, கிழக்கு 79.08 பாகைக்குப் போங்கள். செப்டம்பர் கடைசி அல்லது அக்டோபரில், புதுப்பனி விழாத, மேகமில்லாத நாளைத் தேர்ந்தெடுங்கள். வெள்ளை நிறத்தைத் தேடாதீர்கள், ஆறு தொடங்கும் புள்ளியைத் தேடுங்கள். அடுத்தடுத்த இரண்டு வருடங்களை ஒப்பிட்டால் ஒன்றும் பிடிபடாது, பத்து வருட இடைவெளியாவது வையுங்கள்.